அடுக்களையில் பிறந்த துணிவு

சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, நம் மண்ணின் பெருமக்களுள் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். பண்டிதர் அயோத்திதாசரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தரைப் பற்றியும் பிறர் எழுதுகின்றனர் என அறிந்து சில நாள் வாளா இருந்தோம். அந்நிலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பில் எழுப்பிய வினா இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. "ஐயா, தலைவர்களுக்குப் பயமே வராதா?" என்று அவன் கேட்டான். அவன் மிதிவண்டியில் பள்ளிக்கு வருபவன். ஆயின் ஊர்த்தெரு வந்ததும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, தெரு முடிந்தபின் மீண்டும் ஏறுபவன். இதனை நாம் அறிவோம். ஆகவே அவன் கேட்டது பாடப்புத்தகத்தைப் பற்றிய வினா அன்று என்பதும் நமக்குத் தெரிந்தது.

வரும் என்பதே அவ்வினாவுக்கு விடை. அச்சம் வந்த இரவைத் தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்த தலைவர் ஒருவர் உண்டு. அவரே மார்ட்டின் லூதர் கிங்.

அமெரிக்க நாட்டுத் தலைவரைப் பற்றி நம் சமுதாய மலரில் எழுதுவானேன் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அதற்கும் விடை உண்டு. 1959ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் கிங் தம் துணைவியார் கோரெட்டாவுடன் இந்திய நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னைக்கும் வந்தார், கன்னியாகுமரியையும் கண்டார். அப்பயணத்தில் திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு ஆட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றனர். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர், நம்மைப் போன்றே தீண்டப்படாதவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் என்று சொல்லி மாணவர்க்கு அவரை அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் அதிர்ச்சியும் சிறிது மனத்தாங்கலும் உண்டாயின. பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலும் உழன்ற 2 கோடிக் கறுப்பின மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், தாமும் தீண்டப்படாதவரே எனத் தமக்குள் ஒப்புக்கொண்டார். இதனை அவரே 1965ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அட்லாண்டா நகரத் தேவாலயத்தில் ஆற்றிய அருளுரையில் எடுத்துரைத்தார். பெயர் தெரியாத அந்தத் தலைமை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் நடத்திய வரலாற்றுப் பாடத்தைப் போன்றதொன்றை நாம் நம் பணிக்காலம் முழுவதிலும் நடத்தியதில்லை.

இனி மாண்ட்கோமரிக்குச் செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகரம் அது. அடிமை முறையைக் காக்கும் பொருட்டு 1861இல் பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் தம் முதல் தலைநகராகக் கொண்டதும் அந்நகரையே. 1950களில் அங்கே ஏறத்தாழ 50,000 கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். பெண்கள் பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளில் சமையல், துணி வெளுத்தல், பிள்ளை வளர்த்தல் ஆகிய வேலைகளைச் செய்தனர். நகரப் பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் இவர்களே. எனினும், முதல் பத்து இருக்கைகள் வெள்ளையர்க்கு உரியவை. அவை காலியாகவே இருப்பினும் கறுப்பர் அமர்தல் ஆகாது. முன்வாயிலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தவேண்டும். செலுத்திய பின் இறங்கிப் பின்வாயிலுக்குச் சென்று ஏறவேண்டும். அதற்குள் ஓட்டுநர் வண்டியை நகர்த்திச் சென்றுவிடுவதும் உண்டு. காசு வாங்கும் கைக்குத் தீட்டில்லை, இருக்கைக்குத் தான் தீட்டு! தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட நம் முதியோர்க்கு இவ்வழக்கத்தை விளக்க வேண்டுவதில்லை.

1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மாலை, துணிக்கடை ஒன்றில் தையல் வேலை செய்துவந்த ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயது அம்மையார், வெள்ளையர் ஒருவர்க்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அவர் களைத்துப் போயிருந்ததால் எழவில்லை என்று பாடப்புத்தகங்கள் சில கூறுகின்றன. இது பிழை. அவர் பல்லாண்டுகளாகக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் நகரக் கிளையில் செயலாளராகத் தொண்டாற்றியவர். செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தவர். அவர்க்கு ஒன்பது மாதம் முன்னரே, அவ்வாண்டு மார்ச்சு 2ஆம் நாள், கிளாடெட் கோல்வின் என்னும் 15 வயதுப் பள்ளி மாணவி இவ்வாறே எழ மறுத்துக் காவலரால் இழுத்துச் செல்லப்பட்டாள். அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்னும் 18 வயதுப் பெண்ணும் கைதானாள். பதினைந்து வயது என்பதை இளைஞர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

பார்க்ஸ் கைதான செய்தி அறிந்த அன்றிரவே, கறுப்பினக் கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் என்னும் ஆசிரியை, கல்லூரிக்குச் சென்று, ஸ்டென்சில் வெட்டி, விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். திங்கட்கிழமை எவரும் பேருந்தில் ஏறவேண்டா என்பதே செய்தி. சைக்ளோஸ்டைல் எந்திரத்தின் மை கையில் படிந்து பழகிய நம்மைப் போன்றோர்க்கு அவ்விரவின் உழைப்பு எத்தகையது என்று நன்கு விளங்கும். கல்லூரி நிருவாகத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பதும் விளங்கும். ரயில்வண்டிப் பணியாளரும் தொழிற்சங்கத் தலைவருமான ஈ. டி. நிக்சன், பார்க்ஸை ஜாமீனில் மீட்டுப் போதகர்களை ஒன்று கூட்டினார்.

டிசம்பர் 5, திங்கள். விடியற்காலையில் கிங்கின் வீட்டு வழியே செல்லும் முதல் பேருந்தில் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் நிரம்பியிருப்பது வழக்கம். பத்தில் ஆறு பேர் ஒத்துழைத்தாலே பெருவெற்றி என்று கிங் எண்ணியிருந்தார். அவர் அடுக்களையில் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் கோரெட்டா கூவி அழைத்தார். ஓடிவந்து பார்த்தபோது பேருந்து வெறுமையாய்ச் சென்றது. அடுத்த வண்டியும் அவ்வாறே. அன்று பிற்பகல் கூடிய போதகர்களும் பிறரும் மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தை அமைத்து, கிங்கையே தலைவராக்கினர். அப்போது அவர்க்கு அகவை 26. அந்நகர்க்கு வந்து ஓராண்டு சற்றே கடந்திருந்தது. மூத்த குழந்தை பிறந்து மூன்று வாரமும் ஆகவில்லை. எவருக்கும் பகைவரில்லாத புதியவர் என்பதாலேயே அவரைத் தேர்ந்தனர் என்று கூறுவோரும் உளர்.

அன்று மாலை ஹோல்ட் தெருத் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். உள்ளே இடமின்றித் தெருவெல்லாம் மக்கள் நின்றனர். ஒரு வார அருளுரைக்குப் பல மணி நேரம் உழைத்து ஆயத்தம் செய்யும் வழக்கமுடைய கிங்குக்கு, தம் வாழ்வின் மிக முக்கியமான உரைக்குக் கிட்டியது 20 நிமிடமே. அதிலும் ஐந்து நிமிடம் நடுக்கத்திலேயே கழிந்தது என்று அவர் எழுதுகிறார். பிறகு மண்டியிட்டு வேண்டிக்கொண்டு புறப்பட்டார். ஆக, அச்சம் அவரை முதல் நாளிலேயே வந்து பார்த்துவிட்டுச் சென்றது.

அவர்கள் கேட்டவை மூன்று. ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்தவேண்டும். முன்னே வெள்ளையரும் பின்னே கறுப்பருமாக, வந்த வரிசையில் அமரவேண்டும், அமர்ந்தவரை எழுப்பலாகாது. கறுப்பர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்தவேண்டும். உற்று நோக்கினால், பிரிவினையை அடியோடு ஒழிக்கவும் அவர்கள் அப்போது கேட்கவில்லை. இச்சிறு கோரிக்கையையே நகர ஆட்சியினர் தர மறுத்தனர். கொஞ்சம் கேட்டால் கொடுப்பார்கள் என்று எண்ணிப் பணிவோடு கேட்பதில் பயனில்லை என்பதை மாண்ட்கோமரி மக்கள் அக்குளிர்காலத்தில் கற்றுக்கொண்டனர்.

எதிர்த்து நின்றவர் யாவர்? நகரத் தலைவர், ஆணையர்கள், காவல்துறை, பேருந்து நிறுவனம், வேலை தரும் முதலாளிகள், கடன் தருவோர் ஆகிய அனைவரும் ஒரு பக்கம். இவர்கட்குப் பின்னால், இருளில் வெள்ளை அங்கி தரித்து வரும் கு கிளக்ஸ் கிளான் கூட்டம். 1956 சனவரியில் நகரத் தலைவரும் ஆணையர்களும், பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் மன்றத்தில் வெளிப்படையாகவே உறுப்பினராயினர். வாடகைக் கார்கள் 10 சென்டுக்குக் கறுப்பரை ஏற்றிச் சென்றபோது, குறைந்த கட்டணம் 45 சென்டு என்னும் பழைய சட்டத்தைக் காட்டித் தடுத்தனர். உடனே சொந்த வண்டி வைத்திருந்தோர் ஏறத்தாழ 300 பேர் முன்வந்தனர். ஏறுமிடம், இறங்குமிடம், நேரம் எல்லாம் குறித்து அட்டவணை வகுத்தனர். தேவாலயங்களின் பெயரால் புது வண்டிகளும் வாங்கினர். இடம் கிட்டாதோர் நடந்தனர். நாள்தோறும் பல கல் தொலைவு, மழையிலும் பனியிலும் நடந்தனர்.

நடந்தவர்களுள் பொல்லார்டு அன்னை என்று எல்லாரும் அழைத்த ஒரு மூதாட்டி இருந்தார். எழுத்தறிவு பெறாதவர். களைப்பாக இல்லையா என்று கேட்டவர்க்கு, களைப்பெல்லாம் காலுக்குத்தான், உள்ளத்துக்கு இல்லை என்னும் கருத்தில் அவர் சொன்ன விடை நாடெங்கும் பரவியது. இவரை மீண்டும் சந்திப்போம்.

ஈண்டு சமயத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். நம் சங்கத்தில் அம்மன் கோவிலுக்குச் செல்வோரும், தேவாலயத்திற்குச் செல்வோரும், பௌத்தம் தழுவியோரும் உளர். பெரியார் வழி நின்று இறைவனே இல்லை என்போரும் உளர். இறைநம்பிக்கை என்றாலே, விதி என்று பொறுத்துக் கிடப்பதற்கான மருந்து என்று இவர்களுள் பலர் ஐயுறுவதில் நியாயம் உண்டு. அமெரிக்காவிலும் அடிமைகளை உடையோர், எசமானுக்குக் கீழ்ப்படிவதே இறைவன் விருப்பம் என்று போதிக்கப் போதகர்களை ஏற்பாடு செய்தனர். மாண்ட்கோமரியிலும், பேச்சுவார்த்தைக்கு அமர்ந்த வெள்ளைப் போதகர் ஒருவர், போதகர் வேலை ஆன்மாவை இறைவனிடம் சேர்ப்பதே, பேருந்து வழக்கில் தலையிடுவதன்று என்று கிங்குக்கே அறிவுரை கூறினார். இரு பக்கத்தாரும் ஓதியது ஒரே வேதநூலே. ஆனால் அடிமைகள் அந்நூலிலிருந்து தமக்கென எடுத்துக்கொண்டது, எகிப்திய மன்னனின் பிடியிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய கதையை. ஒருவன் கையில் விலங்காக இருந்தது மற்றொருவன் கையில் சாவியாயிற்று. ஒரு நம்பிக்கை நல்லதா தீயதா என்று அறிய, அது யாரை நடக்கச் செய்கிறது, யாரைப் படுக்கச் செய்கிறது என்று பார்ப்பதே நாம் கொண்டுள்ள அளவுகோல்.

நியாயமாகச் சொல்வதாயின், வெள்ளைப் போதகர் எல்லாரும் அவ்வாறு இல்லை. கறுப்பினச் சபை ஒன்றுக்குப் போதகராயிருந்த ராபர்ட் கிரேட்ஸ் என்னும் வெள்ளை இளைஞர் தம் வண்டியில் மக்களை ஏற்றிச் சென்றார். அதற்காக 1956 ஆகஸ்டில் அவர் வீட்டிலும் வெடி வைத்தனர்.

வாரந்தோறும் தேவாலயங்களில் பொதுக்கூட்டம் நடந்தது. பாட்டு, வேண்டுதல், வேத வாசிப்பு, பின்னர் வண்டி அட்டவணை, வரவு செலவு, அடுத்த வாரத் திட்டம் என்று எல்லாம் ஒரே கூட்டத்தில் நடந்தன. காணிக்கைத் தட்டில் விழுந்த காசு பெட்ரோலுக்குச் சென்றது. ஒரு வாரம் நடந்து சோர்ந்தவர் அங்கே வந்து, தம்மைப் போல் நடந்த ஆயிரம் பேரைக் கண்டு, அடுத்த வாரத்துக்கு வேண்டிய மனவலிமையைப் பெற்றுச் சென்றார். வேலைக்குப் போன வீட்டில் ஏச்சு வாங்கிய பெண்ணுக்கு வேறெங்கே அது கிட்டியிருக்கும்?

சனவரி 21, சனிக்கிழமை இரவு ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. உடன்பாடு ஏற்பட்டுவிட்டது, புறக்கணிப்பு முடிந்தது என்னும் பொய்ச் செய்தியை நகர ஆட்சியினர் மறுநாள் ஞாயிறு இதழில் வெளியிடவிருப்பதாகத் துப்புக் கிட்டியது. செய்தி பொய் என்பதை இரவோடிரவாக மக்களுக்குச் சொல்லியாகவேண்டும். சனிக்கிழமை இரவில் மக்கள் எங்கே கூடுவர்? மதுக்கூடங்களிலும் நடன விடுதிகளிலும்தான்! ஆதலின் கிங்கும் உடன் போதகர்களும் அங்கெல்லாம் ஏறி இறங்கினர். ஞாயிறு காலையில் மதுவை எதிர்த்து அருளுரை ஆற்றுவோர் சனி இரவு மதுக்கூடத்தில் நின்ற காட்சியை நினைத்தால் நகைப்பு வருகிறது. திங்களன்று பேருந்துகள் முன்போலவே வெறுமையாய் ஓடின.

இதன்பின் அடக்குமுறை முற்றியது. சனவரி 26ஆம் நாள், 25 மைல் வேகத்தில் செல்லவேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் சென்றார் என்று குற்றஞ்சாட்டிக் கிங்கைக் கைது செய்தனர். காவல் வண்டி நகரைவிட்டு நெடுந்தொலைவு சென்று பாலம் ஒன்றை நெருங்கியபோது, தம்மைக் கொன்று ஆற்றில் எறியத்தான் கொண்டு செல்கின்றனர் என்று அவர் எண்ணினார். சிறைச்சாலையின் விளக்கைக் கண்ட பின்னரே உயிர் வந்தது. வாழ்நாளில் சிறையைக் கண்டு மகிழ்ந்தது அன்று ஒருநாளாகத்தான் இருக்கும். மக்கள் திரண்டதால் அன்றிரவே விடுவித்தனர்.

அடுத்த இரவு, சனவரி 27. அந்நாள்களில் அவர் வீட்டுக்கு நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மிரட்டல்கள் தொலைபேசியிலும் அஞ்சலிலும் வந்துகொண்டிருந்தன. நள்ளிரவை நெருங்கும் வேளை; கோரெட்டா உறங்கிவிட்டார். தொலைபேசி ஒலித்தது. மூன்று நாளுக்குள் ஊரைவிட்டுப் போகாவிடில் உயிரையும் வீட்டையும் அழிப்போம் என்று ஒரு குரல் இழிசொல்லோடு கூறிவிட்டு அடங்கிற்று. இத்தகைய மிரட்டல்களை அவர் முன்பும் கேட்டிருந்தார். ஆனால் அவ்விரவு அது ஏனோ நெஞ்சில் தைத்துவிட்டது. படுத்தார், உறக்கம் வரவில்லை. எழுந்து உலாவினார். அடுக்களைக்குச் சென்று காப்பியைச் சூடாக்கி மேசைமேல் வைத்து அமர்ந்தார். காப்பி தொடப்படாமலே ஆறிற்று.

அப்போது அவர் எண்ணியது என்ன தெரியுமா? கோழை என்று பெயர் வாங்காமல் இப்பொறுப்பிலிருந்து எவ்வாறு விலகலாம் என்பதே. நாம் கற்பனையாகச் சொல்வதன்று; 1958இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதியது. பக்கத்து அறையில் மனைவி. இரண்டு மாதக் குழந்தை. தந்தையார் அட்லாண்டாவில், அழைத்தாலும் உடனே வந்து தாங்க இயலாது. தந்தையும் பாட்டனும் போதகர்கள். அவர் கற்ற சமயமெல்லாம் வீட்டில் வழிவழியாய் வந்த சொத்து. பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றிருந்தார். அவையெல்லாம் அந்த மேசையில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தலையைக் கையில் தாங்கி, வாய்விட்டே வேண்டினார். நியாயம் என்று நம்பியதற்காகவே நிற்கிறேன். ஆயினும் இப்போது அஞ்சுகிறேன். நான் தளர்ந்தால் மக்களும் தளர்வர். என் ஆற்றல் முடிந்துவிட்டது, தனியே இனி இயலாது என்று இறைவனிடம் உள்ளதை உள்ளவாறு ஒப்புவித்தார். அந்நிலையில், முன் எப்போதும் அறியாத வகையில் இறைவன் உடனிருப்பதை உணர்ந்தார். நீதிக்காக நில், உடன் இருக்கிறேன் என்னும் உறுதி உள்ளத்தில் எழுந்தது. அச்சம் அகலத் தொடங்கியது.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. மிரட்டியவர் மனம் மாறவில்லை, மிரட்டலும் நிற்கவில்லை. புறத்தே ஓர் அணுவும் மாறாத நிலையில், அஞ்சுகிறேன் என்று சொல்லத் துணிந்த பின்னரே அவர்க்குத் துணிவு வந்தது. அஞ்சாதவன் போல் நடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அது வரவில்லை.

மூன்று நாள் கழிந்து, சனவரி 30 இரவு, அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டுத் தாழ்வாரத்தில் வெடி வீசினர். முன் கண்ணாடிகள் நொறுங்கின. கோரெட்டாவும் உடனிருந்த தோழியும் ஓசை கேட்டுப் பின்னறைக்கு விரைந்ததால் தப்பினர். பின்னறையில் உறங்கிய குழந்தைக்கும் ஊறில்லை. கிங் வந்து சேர்ந்தபோது வீட்டைச் சுற்றிச் சினங்கொண்ட மக்கள் திரண்டு நின்றனர். பலர் கையில் ஆயுதம். நகரத் தலைவரும் காவல்துறை ஆணையரும் அக்கூட்டத்தின் நடுவே வெளிறிப்போய் நின்றனர். ஒரு சொல் போதும், அன்றிரவு நகரம் பற்றி எரிந்திருக்கும். கிங் உடைந்த தாழ்வாரத்தில் ஏறி நின்று, மனைவியும் குழந்தையும் நலம், ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள், பகைவரையும் நேசிக்கவேண்டும் என்று அமைதியாகப் பேசினார். மக்கள் கலைந்தனர். மூன்று நாள் முன்னர் ஓடிப்போக வழி தேடியவர் இவரே.

அதன்பின் அவர் அச்சமே அறியாதவராகிவிட்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாயிருக்கும், உண்மையாயிராது. வெடி விழுந்த சில நாளில் அவர் ஷெரீப் அலுவலகத்துக்குச் சென்று துப்பாக்கி உரிமம் கேட்டார். உரிமம் மறுக்கப்பட்டது. வீட்டில் இருந்த ஒரே துப்பாக்கியையும் நெடுநேரம் ஆராய்ந்த பின்னரே கணவனும் மனைவியும் விட்டுவிட முடிவு செய்தனர். மாறாகப் பெருவிளக்குகளும் ஆயுதமில்லாக் காவலரும் அமர்த்தினர். துணிவு என்பது ஓரிரவில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. கிங்குக்கே அது தவணை முறையில்தான் கிட்டியது.

பொல்லார்டு அன்னைக்கு வருவோம். கைதும் மிரட்டலும் நேர்ந்த அந்நாள்களில் ஒரு திங்கள் இரவுக் கூட்டத்தில் கிங் தம் சோர்வை மறைத்து உரையாற்றினார். கூட்டம் முடிந்ததும் அம்மூதாட்டி அவரை அழைத்து, இன்று நீ வலுவாகப் பேசவில்லையே, என்ன குறை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கிங் சமாளித்தார். அம்மையார் விடவில்லை. மக்கள் அனைவரும் உன்னோடிருக்கிறோம். ஒருகால் நாங்கள் இல்லாவிடினும் இறைவன் உன்னைக் காப்பார் என்று சொல்லிச் சென்றார். பட்டம் பெற்ற போதகர்க்குப் பள்ளி செல்லாத பாட்டி நடத்திய பாடம் அது. தலைவரிடமிருந்தே மக்களுக்குத் துணிவு வரும் என்று நாம் எண்ணுகிறோம். மாண்ட்கோமரியில் அது பெரிதும் எதிர்த்திசையில் பாய்ந்தது.

பிப்ரவரியில், பழைய சட்டம் ஒன்றின்கீழ் கிங் உள்ளிட்ட 89 பேர்மீது குற்றஞ்சாட்டினர். போதகர் பலரும் அதில் அடக்கம். தென்னாட்டில் காவலர் தேடுகின்றனர் என்றால் கறுப்பர் ஒளிவதே நெடுங்கால வழக்கம். ஆனால் இம்முறை அவர்கள் நல்லாடை உடுத்தித் தாமாகவே ஷெரீப் அலுவலகத்துக்குச் சென்றனர். தம் பெயர் பட்டியலில் இல்லையே என்று வருந்தியோரும் உண்டு. சிறையின் அச்சம் ஒருநாளில் சிறுமைப்பட்டுப்போயிற்று. மார்ச்சில் கிங்குக்குச் செலவும் சேர்த்து 1,000 டாலர் தண்டம் விதித்தனர்.

முடிவில் வென்றது நீதிமன்ற வழக்குத்தானே, நடந்ததால் என்ன பயன் என்று சட்டம் பயிலும் இளைஞர் கேட்கலாம். வழக்கு வென்றது மெய். 1956 பிப்ரவரி 1இல் வழக்கறிஞர் பிரெட் கிரே தொடுத்த வழக்கில் சூன் 5ஆம் நாள் மூன்று நீதிபதிகளுள் இருவர், பேருந்துப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்றனர். நவம்பர் 13இல் நாட்டின் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆனால் வழக்குத் தொடுக்க வாதிகள் வேண்டுமே! கையொப்பமிட்ட ஐந்து பெண்களுள் ஒருவர் மிரட்டலுக்கு அஞ்சிப் பின்வாங்கினார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எஞ்சி நின்ற நால்வருள் ஒருத்தி, முதலில் எழ மறுத்த சிறுமி கோல்வின். ஊரே நடந்துகொண்டிராவிடில் அந்நால்வரும் நின்றிருப்பரோ என்பது ஐயமே.

தீர்ப்பு வந்த அன்றிரவு கிளான் கூட்டத்தார் ஏறத்தாழ 40 வண்டிகளில் கறுப்பர் குடியிருப்புகளில் ஊர்வலம் வந்தனர். முன்னெல்லாம் அவர்கள் வந்தால் வீடுகளில் விளக்கணையும், கதவுகள் தாழிடப்படும். அன்று விளக்குகள் எரிந்தன. மக்கள் வாயிலில் அமர்ந்து, சர்க்கஸ் வண்டி பார்ப்பது போல் பார்த்தனர், சிலர் கையசைத்தனர். வந்தவர்கள் சில தெருக்களோடு திரும்பிவிட்டனர். தீர்ப்பினும் இந்த ஓரிரவே பெரிது என்று நாம் மதிக்கிறோம்.

அதே 1956 நம் வரலாற்றிலும் பேராண்டு என்பதை இளைஞர் மறத்தலாகாது. இந்துவாகப் பிறந்தேன், இந்துவாக இறக்கமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் உறுதி கூறிய அண்ணல் அம்பேத்கர், 21 ஆண்டுகள் ஆராய்ந்து, அவ்வாண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் மறைந்தார். மாண்ட்கோமரி மக்கள் அப்போதும் நடந்துகொண்டிருந்தனர். கிங் முன்னோர் சமயத்துக்குள் ஆழ்ந்து சென்று துணிவைக் கண்டார். அண்ணலோ தம் முன்னோரைச் சிறுமைப்படுத்திய சமயத்தைவிட்டு வெளியேறிக் கண்டார். வழி வேறு. ஆயின் இருவரும் தேடியது, எதிரி எத்துணைப் பெரியவனாயினும் மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் ஒரு பற்றுக்கோட்டையே.

உச்சநீதிமன்ற ஆணை டிசம்பர் 20இல் நகரை அடைந்தது. 381 நாள் நடந்த மக்கள், மறுநாள் காலை முன்வாயிலில் ஏறி, விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர். கிங் ஏறியதும் முன் இருக்கையொன்றில். கதை அத்துடன் இனிதே முடிந்துவிடவில்லை. சில நாளில் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கருவுற்ற பெண் ஒருத்தியின் இரு கால்களிலும் குண்டு பாய்ந்தது. 1957 சனவரி 10 இரவில் நான்கு தேவாலயங்களிலும் இரு போதகர் வீடுகளிலும் வெடி வைத்தனர். வேலை இழந்த ரோசா பார்க்ஸ் அவ்வாண்டே ஊரைவிட்டு டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். கிங்கை 1968 ஏப்ரல் 4இல் மெம்பிசு நகரில் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு 39 வயது.

தெற்கு ஜாக்சன் தெருவில் அவர்கள் வாழ்ந்த போதகர் இல்லம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வெடி விழுந்த இடம் தாழ்வாரத்தில் குறிக்கப்பட்டுள்ளது. உள்ளே சென்றால் வரவேற்பறை, படிப்பறை, கடைசியில் அடுக்களை. நம் வீட்டு அடுக்களைகளைப் போலவே சிறியது. ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்டிருக்கின்றனர். நம் மாணவனிடம் இதனைச் சொல்லி முடித்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த நூல் தமிழில் கிடைக்குமா என்று மட்டும் மறுநாள் வந்து கேட்டான்.